கல்யாணப் பத்திரிகையில் எழுத்துக் கூட்டியவள்

இந்த ஊர் வீடுகளுக்குக் கதவிலேயே ஒரு வாய் உண்டு. இடுப்பு உயரத்தில் ஒரு பிளவு, அதற்குப் பித்தளையில் ஒரு மூடி. காலையில் தபால்காரர் மூடியைத் தூக்கிக் கையில் இருப்பதைத் திணித்துவிட்டுப் போவார். மூடி விழும் ‘டப்’ என்ற சத்தம் மட்டும் உள்ளே வரும். மனிதர் வரமாட்டார். போன வாரம் அந்தச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். மிதியடியின் மேல், பீட்சாக் கடைக்காரனுக்கும் கார்ப்பெட் தள்ளுபடிக்காரனுக்கும் நடுவில், ஒரு கல்யாணம் குப்புறக் கிடந்தது. என் மனைவி சாந்தாமணியோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்ணின் திருமண அழைப்பு. தந்த நிறத்தில் சின்னதாக ஓர் அட்டை. மணமகன் பெயர், மணமகள் பெயர், இடம், நேரம். அவ்வளவுதான். பெரியப்பன் கிடையாது, தாய்மாமன் கிடையாது, ஒருவர் பெயருக்குப் பின்னாலும் பட்டம் கிடையாது. வருகிறாயா இல்லையா என்று எழுதிப் போடு, கோழியா மீனா என்பதையும் குறித்து அனுப்பு என்று கீழே ஒரு வரி. கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறார்களா, ஓட்டலில் ஆர்டர் எடுக்கிறார்களா என்று யோசித்தபடி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நம் பக்கத்தில் பத்திரிகை தனியாக வீட்டுக்குள் நுழையாது. நாலு பேர் காரில் கொண்டு வருவார்கள். தட்டு, வெற்றிலை, பழம், குங்குமம். ஏனுங்க, ஊட்ல இருக்கறீங்களா என்று வாசலிலிருந்தே ஒரு குரல். பிறகு காப்பி, அது வேண்டாமென்றால் மோர், அதுவும் வேண்டாமென்றால் கோபம். கடைசியில் யாராவது ஒருவர் பத்திரிகையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தன் பெயர் இருக்கிறதா, யாருக்கு மேலே இருக்கிறது, யாருக்குக் கீழே தள்ளியிருக்கிறார்கள் என்று சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். அத்தனை பெருமையும் பொய்யும் அடங்கிய அச்சுத் தாளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் மகள் நித்யா வாசிக்கக் கற்றுக்கொண்டது அந்தத் தாளில்தான்.

தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று மார்தட்டிக்கொண்ட ஊரிலிருந்து புறப்பட்டு, அசல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வந்து விழுந்திருக்கிறேன். இங்கேயும் மில்லை மூடிவிட்டார்கள். புகைக்கூண்டு மட்டும் நிற்கிறது, கீழே கார்ப்பெட் விற்கிறார்கள். பீளமேட்டில் மில் மூடியதும் வேலை போன நான், இந்தப் புகைக்கூண்டைத் தினமும் பார்த்துக்கொண்டு மழையில் நடக்கிறேன். மனைவிக்கு நர்ஸ் வேலை, எனக்கு வீட்டு வேலை. பக்கத்து வீட்டு பார்பரா கொடியில் துணி போடும்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவாள். அவள் பேத்திக்கு ஏழு வயது, இன்னும் எழுத்துக்கூட்ட வரவில்லை. பள்ளியில் ஒரு சிவப்புப் பையில் புத்தகம் போட்டு அனுப்புகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, மீதியெல்லாம் நாய் படம். அந்த ஒரு வரியையும் படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லிவிட்டால் ஒரு நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். குழந்தையின் சட்டை முழுக்க நட்சத்திரம், தலைக்குள் ஓர் எழுத்து இல்லை. அவளுக்கு நேரம் வரும்போது தானாக வரும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாளாம். என்னமோ பல் முளைக்கிற மாதிரி.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பார்பராவிடம் சொன்னேன்: என் மகளுக்கும் எட்டு வயதில் வாசிக்க வரவில்லை, கல்யாணப் பத்திரிகைகளை வைத்துத்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். அவள் கையிலிருந்த துணிக்கிளிப்பு கீழே விழுந்தது. “எட்டு வயதிலேயா?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் முகம் சுருங்கி, ‘ஓ டியர்’ என்று நித்யாவின் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, “இப்போது அவள் இங்கே பத்திரமாக இருக்கிறாள், அதுதான் முக்கியம்” என்றாள். எட்டு வயதில் கல்யாணத்துக்குத் தயார் செய்த தகப்பன் என்று என்னை எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பது வீட்டுக்குள் போய் அடுப்பை மூட்டிய பிறகுதான் உறைத்தது. திருத்தப் போகவில்லை. இரக்கப்படுவதில் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு ருசி இருக்கிறது, அதை ஏன் கெடுப்பானேன். அவள் நினைத்தது முழுக்கத் தப்பும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் மில் இருந்தும் இல்லாததுமாக இழுத்துக்கொண்டிருந்த காலம். பாதி மாதம் வேலை, மீதி மாதம் கேட்டில் அறிவிப்பு. சாந்தாமணி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் பார்த்தாள். அந்த நிலைமையிலும் நித்யாவை இங்கிலீஷ் மீடியத்தில்தான் சேர்த்திருந்தோம். தெருவே அதைத்தான் செய்தது. ஐந்து மாட்டுக் கொட்டகையைத் தட்டியால் மறைத்து, வாசலில் ஒரு புனிதர் பெயரை எழுதி, பங்குனி வெயிலில் குழந்தைகளின் கழுத்தில் டை கட்டிவிட்டால் அது கான்வென்ட். அங்கே தமிழ் பேசினால் அபராதம். இங்கிலீஷ் யாருக்கும் வராது. ஆகவே குழந்தைகள் பேசாமல் இருந்தார்கள். அதை ஒழுக்கம் என்றார்கள்.

நித்யா மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகம் முழுவதையும் சொல்லுவாள். பக்கத்தைப் பிரித்து, வரிக்கடியில் விரலை ஓட்டி, முற்றுப்புள்ளியில் மூச்சுவிட்டு, அட்டகாசமாகச் சொல்லுவாள். வீட்டுக்கு ஒரம்பரை வந்தால், அதாவது விருந்தாளி வந்தால், நாங்களும் அவளை நடுக்கூடத்தில் நிறுத்தி இங்கிலீஷ் படிக்கச் சொல்லுவோம். அவர்களும் வாயைப் பிளப்பார்கள். காதால் கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறாள், விரல் சும்மா ஊர்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, சாந்தாமணிக்குத் தெரியவில்லை, மாதாமாதம் காசு வாங்கிய டியூஷன் மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. அந்த மிஸ்ஸும் பாவம், அதே மாதிரி ஒப்பித்துத்தான் மிஸ் ஆனவள்.

அது உடைந்தது ஒரு தை மாதக் காலையில். சாந்தாமணியின் அண்ணன் பொன்னுச்சாமி வெள்ளகோவிலில் கொப்பரை வியாபாரி. தேங்காய் காயும் களமும் எண்ணெய் ஆட்டும் மில்லும் உண்டு. கழுத்துச் சங்கிலி சட்டைக்கு வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே மேல் பொத்தானைப் போடாதவர். மகள் சத்யாவின் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்தார். கூடவே மாப்பிள்ளையின் அப்பா, இன்னும் இரண்டு பெரிய மனிதர்கள். தட்டை வாங்கியாயிற்று. காப்பி ஆயிற்று. பொன்னுச்சாமி மச்சான் பத்திரிகையை எடுத்து நித்யாவிடம் நீட்டினார். “அம்மணி, நீ படி கண்ணு. கான்வென்டுல படிக்கற புள்ள, கணீர்னு படிச்சுக் காட்டு சம்மந்திக்கு.”

நித்யா படித்தாள். நிகழும் மங்களகரமான என்று ஆரம்பித்து, சுபயோக சுபதினத்தில் என்று ஏற்றி இறக்கி, கோயில் குருக்கள் தோற்றார். எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம். மணமகள் பெயர் வந்தது. திருவளர்ச்செல்வி மாலதி என்றாள். மாலதி போன வருடம் கல்யாணமான பெண். எங்கள் பங்காளி வீட்டுப் பெண். தாலி ஏறிய மறுமாதமே பெட்டியோடு திரும்பி வந்தவள். அந்தக் கல்யாணப் பத்திரிகையை யாரோ படிக்கக் கேட்டு மனதில் வைத்திருந்து, அப்படியே எடுத்து இங்கே வைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

மச்சான் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது. “பிரஸ்காரன் கெடுத்துப்போட்டானுங்க சம்மந்தி. அந்த நாயி கிட்டக் குடுக்க வேண்டாம்னு நானு அப்பவே சொன்னனுங்க” என்று அச்சகத்துக்காரன் பரம்பரையையே இழுத்துத் திட்ட ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அப்பா அவர் கையிலிருந்து பத்திரிகையை மெல்ல உருவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “பிரஸ்காரன் சரியாத்தானுங்க அடிச்சிருக்கறான். சத்யான்னுதான் இருக்குது. புள்ளைக்குத்தான் எழுத்துத் தெரியாதாட்ட இருக்குதுங்க.”

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. எதை நீட்டினாலும் நித்யா மனப்பாடத்தைத்தான் எடுத்து விட்டாள். நாட்காட்டியைக் காட்டினார்கள், பாத்திரக் கடை மஞ்சள் பையைக் காட்டினார்கள். தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அந்தப் பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். புறப்படும்போது மச்சான் வாசலில் நின்று, தெரு கேட்கச் சொன்னார்: “மாப்ள, மூணாவதுல பெயிலாச்சுன்னா டவுனும் வேண்டாம், டையும் வேண்டாம். எங்கூட்டுக்கு அனுப்சிபோடுங்க. பையனும் வளந்துட்டு வாரான். நாங்க கேக்கறது மருமகளத்தான், டீச்சர இல்லீங்க.”

விளையாட்டுப் பேச்சு அல்ல. அவருக்கு ஒரு மகன். முறைப்பையன். எங்களுக்கோ மில் சம்பளம் நிச்சயமில்லை. தெருப் பேச்சு எட்டிய பள்ளிக்கூடத்திலிருந்தும், பரீட்சைக்கு முன்னால் பிரின்சிபால் அறையில் பார்க்காத பக்கம் ஒன்றை வாசித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் சாத்தினால் மூன்றாவது கதவு வெள்ளகோவில்தான் என்று சாந்தாமணிக்கும் புரிந்தது. டியூஷனை நிறுத்தினோம். கதைப் புத்தகம் வாங்க வழியில்லை. வீட்டில் அச்சடித்த தாள் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கிய வளைந்த கம்பி, அதில் குத்திக் கோத்திருந்த வருடக்கணக்கான பத்திரிகைகள். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா. மஞ்சள் தடவிய மூலைகள். கையகல எழுத்துகள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ், இரண்டிலும் அதே ஆட்கள். அத்தனையும் இலவசம்.

எல்லாப் பத்திரிகையும் ஒரே மாதிரிதான் பேசும். நம் ஜனங்களுக்கு ஒரு வாக்கியத்தைப் புதிதாக யோசிக்க வராது என்பது அன்றைக்கு எனக்கு உதவியது. அந்த வாக்கியங்களெல்லாம் நித்யாவுக்கு மனப்பாடம். பெயர்கள் மட்டும் மாறும். பழைய நாட்காட்டி அட்டையில் பிளேடால் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினேன். பத்திரிகை மேல் அதை வைத்தால் ஒரு பெயர் மட்டும் தெரியும். ஆ என்று கண்டதும் அவள் ஆறுமுகம் என்பாள். ஆனந்தகுமாராக இருக்கும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை என் முகத்தில் தேடுவாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். அழுதாள். எனக்கு அழுகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொறுமை கிடையாது. ஒருநாள் எரிச்சலில், அவள் தட்டுத்தடுமாறி முழுதாகப் படித்த முதல் பெயருக்கு, அந்த ஆள் யாரென்று சொன்னேன். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் செலவாகுமென்று ஒவ்வொரு இறக்கத்திலும் இஞ்சினை அணைத்துவிட்டு உருண்டு வருகிறவர், ஒருநாள் அப்படியே உருண்டு மாட்டு வண்டிக்குள் போனவர். நித்யா அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அடுத்த பெயருக்குத் தானே ஜன்னலை நகர்த்தினாள்.

அன்றிலிருந்து அதுதான் சம்பளம். ஒரு பெயர் சரியாக வந்தால் ஒரு வம்பு. பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டவர் இன்னும் மூன்று பேப்பர் எழுத வேண்டியவர். பழனாத்தா அத்தை பந்தியில் மைசூர்பாகை முந்தானையில் முடிந்துகொண்டு இன்னும் வரவில்லையே என்று பரிமாறுகிறவனிடம் சண்டை போட்டவள். தொழிலதிபர் என்று போட்டிருப்பவருக்குத் தொண்டாமுத்தூர் ரோட்டில் ஒரு பஞ்சர் கடை, அதுவும் மச்சினன் பெயரில். நான் மனதுக்குள் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை இளக்காரத்துக்கும் அன்றுதான் ஒரு வேலை கிடைத்தது. ஊகித்துச் சொன்னால் வம்பு கிடையாது. ஆகவே அவள் ஊகிப்பதை விட்டாள். ஒவ்வொரு எழுத்தாகக் கடித்தாள். தமிழில் பிடித்த ஆளை வலப்பக்கத்தில் இங்கிலீஷிலும் தேடிப் பிடிப்பாள், அதற்கு இன்னொரு வம்பு. சாந்தாமணி ஷிப்ட் முடிந்து வந்து, புள்ளைக்குப் படிப்புச் சொல்லிக் குடுக்கறீங்களா, நம்ம சனத்து மானத்த வாங்கறீங்களா என்று கேட்பாள். சொல்லிவிட்டு, அந்த அத்தை சங்கதியில் நான் விட்டுப்போனதைத் தானே சேர்ப்பாள்.

எல்லாப் பத்திரிகையிலும் பெரிய எழுத்தில் பொன்னுச்சாமி மச்சான் இருந்தார். தாய்மாமனாக, சித்தப்பனாக, தலைமை தாங்குபவராக. அவர் பெயரை நித்யா சரியாகப் படித்த அன்று, நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: “மாமாவுக்குப் படிக்கத் தெரியாதுங்கப்பா.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அவரு பத்திரிக்கையப் பாக்கறதே இல்லீங்கப்பா. படிக்கறவங்க மூஞ்சியத்தான் பாக்கறாரு. நானும் அப்படித்தான பாத்துட்டு இருந்தேன்.”

அவர் எதற்காக எப்போதும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறார், பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டே எதற்காக அச்சகத்துக்காரனைத் திட்டினார் என்பதெல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கியது. களத்தில் மூட்டைக் கணக்கை மனதாலேயே போடுகிறவர், கையெழுத்தை ஒரு படம்போல வரைகிறவர். என் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பரவியது. நல்ல சந்தோஷமல்ல. ஆனாலும் அதை இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பள்ளிக்கூடத்துக் கதை சின்னது. பிரின்சிபால் அறையில் பார்க்காத ஒரு பக்கத்தை நித்யா வாசித்தாள். திக்கினாள், நின்றாள், திரும்பப் போனாள். பாஸ் என்றார்கள். எங்கள் பள்ளியின் கோச்சிங் எப்படி என்று பிரின்சிபால் என்னைக் கேட்டார். பிரமாதம் என்றேன். அந்த மேஜையில் வேறெதுவும் விலை போகாது.

அந்த ஆவணியில் மச்சான் மறுபடி வந்தார், புது வீடு கட்டி முடித்து, புதுமனை புகுவிழாப் பத்திரிகையோடு. அதே சம்மந்தி, அதே பெரிய மனிதர்கள். பாஸான செய்தியை அவர் காதில் போட்டிருந்தும் நம்பியதாகத் தெரியவில்லை. எடுத்த எடுப்பில் நித்யாவிடம் நீட்டினார். படிக்கட்டும், பார்க்கலாம் என்று மற்றவர்கள் பக்கம் ஒரு சிரிப்பு. நித்யா ஜன்னல் அட்டை இல்லாமலே படித்தாள். மெதுவாக. ஏற்ற இறக்கம் இல்லை, கணீர் இல்லை. ஒரு பெயரும் தப்பவில்லை. சம்மந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, சரியாத்தானுங்க இருக்குது என்றார். மச்சான் பத்திரிகையை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

நான் அந்த நொடிக்காகத்தான் காத்திருந்தேன். “மச்சான், கடைசி வரிய நீங்களே படிச்சுப்போடுங்க. உங்க வாயால கேட்டாத்தான் எங்களக் கூப்பிட்டாப்ல இருக்கும்.”

அவர் பத்திரிகையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சம்மந்தி காத்திருந்தார், எல்லாரும் காத்திருந்தார்கள். அவருடைய மேலுதட்டில் வேர்வை அரும்பியது. நித்யா எழுந்து போய் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். “கடைசி வரிய நான்தான் உட்டுப்போட்டேனுங்க மாமா. நானே முடிச்சுடறனுங்க.” ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று தொடங்கி, கீழே இருந்த பெயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் இரண்டாம் முறை படித்தாள்.

மச்சான் கிளம்பும்போது தங்கையிடம் மட்டும் பேசினார். புள்ள படிக்கட்டும் சாந்தா, எத்தன வேணாலும் படிக்கட்டும் என்றார். மருமகள் பேச்சு அன்றோடு நின்றது. டம்ளர்களைக் கழுவிக்கொண்டே நித்யா என்னிடம், அவரை ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று கேட்டாள். தெரு கேட்கப் பேசினவருக்கு இது போதாது என்றேன். அதற்குப் பிறகு அவள் வம்புக்காக என்னிடம் வரவில்லை. கம்பியில் மீதி இருந்ததைத் தானாகவே படித்து முடித்தாள். அந்த ஆள்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை பிறந்துவிடவில்லை. சங்கிலியும் பொத்தானும் அப்படியேதான் இருக்கின்றன.

சாந்தாமணிக்கு இங்கே வேலை கிடைத்து முதலில் அவள் வந்தாள், பிறகு நாங்கள். நித்யா இப்போது சனிக்கிழமைகளில் லைப்ரரியில் கிடக்கிறாள். பார்பராவின் ‘ஓ டியர்’ இங்கிலீஷைவிட அவளுடையது சுத்தம். ஊரில் தமிழுக்கு அபராதம் கட்டியவள், இங்கே வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு நடுவில் ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறாள். ஆனால் மாதம் தவறாமல் மாமாவுக்கு ஏர்மெயிலில் தமிழில் எழுதுகிறாள். ஒரு பக்கத்தில் நாலே வரி, ஒவ்வொரு எழுத்தும் கடலை உருண்டை அளவு. தபால் தலைக்கு இங்கே என்ன விலை தெரியுமா, பொடியாக எழுதினால் ஊர்க் கதை முழுக்க ஒரே தாளில் அடங்குமே என்று திட்டிப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்கமாட்டாள். ஏனென்று எனக்குத் தெரியும்.

நாங்கள் கிளம்பிய அன்று பீளமேட்டு ஏர்போர்ட்டுக்கு மச்சான் ஒரு வேன் நிறைய ஆளோடு வந்திருந்தார். வழியனுப்புவதில்கூட நம்மவர்களுக்கு எண்ணிக்கை முக்கியம். நான் டிக்கெட்டைக் காட்டிக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அந்தக் கண்ணாடியில் வெளியே நிற்கும் சனம் தெரிந்தது, அவர்கள் மேலேயே எங்கள் தள்ளுவண்டியும் பெட்டிகளும் பிரதிபலித்தன, ஒரு கிழவியின் தோளில் என் தலை உட்கார்ந்திருந்தது. நித்யா இன்னும் கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தாள். காவலர் உள்ளே வரச் சொல்லி அவசரப்படுத்தினார். மச்சான் கம்பித் தடுப்புக்கு மேல் குனிந்தார். வேனில் வந்தவர்கள் யாருக்கும் கேட்காதபடிதான் சொன்னார், கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

“கடுதாசி போடு அம்மணி. நல்லாப் பெருசு பெருசா, தள்ளித் தள்ளி எழுது. யாருகிட்டயும் குடுக்கமாட்டேன், நானே எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கறேன்.”